டிபிபிஎச் சோதனையில் 92 சதவீதம்: அதை நம்பி கிரீமில் போடலாமா?

கேள்வி இதுதான்: ஓர் இலையிலிருந்து எத்தனாலில் எக்ஸ்ட்ராக்ட் எடுத்திருக்கிறீர்கள். டிபிபிஎச் சோதனையில் (டிபிபிஎச் என்பது ஊதா நிற ராடிகல், அதாவது எலக்ட்ரானுக்கு ஏங்கும் மூலக்கூறு; அதை எவ்வளவு வெளுக்கவைக்கிறது என்று பார்ப்பது), மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில், 92 சதவீதம் வந்திருக்கிறது. இதை முகக் கிரீமில் சேர்த்து ஆன்டி-ஆக்ஸிடன்ட் கிரீம் என்று சொல்லலாமா, இன்னும் என்னென்ன சோதனைகள் வேண்டும் என்று கேட்கிறீர்கள். ‘வைட்டமின் சி-யைவிட 10 மடங்கு வீரியம்’ என்று ஒரு சப்ளையர் விற்கும் எக்ஸ்ட்ராக்டை நம்பலாமா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த 92-ஐ வைத்து கிரீமைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எக்ஸ்ட்ராக்டைப் பற்றியேகூட அதிகம் சொல்ல முடியாது. ஏன் என்று புரிய, குவெட்டுக்குள் (கரைசலை வைத்து ஒளி செலுத்தி அளக்கும் சின்னக் குப்பி) நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

100 மில்லி மெத்தனாலில் 3.94 மில்லிகிராம் டிபிபிஎச் கரைத்தால் 0.1 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். நல்ல அடர் ஊதா. 517 நானோமீட்டரில் அளந்தால் அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சும் அளவு) 1-ஐ ஒட்டி இருக்கும். எலக்ட்ரானையோ ஹைட்ரஜன் அணுவையோ விட்டுக்கொடுக்கிற பொருள் ஒன்றைச் சேர்த்து, இருட்டில் 30 நிமிடம் வைத்தால், ஊதா வெளுத்து வெளிர் மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதைத்தான் சதவீதமாகச் சொல்கிறோம். குவெட்டில் இருக்கும் டிபிபிஎச் ஓர் அளவோடுதான் இருக்கிறது. அது தீர்ந்தபின் எவ்வளவு எக்ஸ்ட்ராக்ட் ஊற்றினாலும் எண் ஏறாது. மிஞ்சும் மஞ்சளும் 517-ல் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும் என்பதால் 100-ஐத் தொடாமல் தொண்ணூற்றுச் சொச்சத்தில் போய் நின்றுவிடும். உங்கள் 92 அந்த உச்சியில் நின்றுகொண்டிருக்கும் எண். உங்கள் இலையில் பாதி வீரியம் உள்ள இன்னோர் இலையும் அங்கேயே வந்து நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். வைட்டமின் சி மூலக்கூறு ஒன்று, டிபிபிஎச் மூலக்கூறு இரண்டை அணைக்கும், அதாவது வெளுக்கவைக்கும். கலவையில் 100 மைக்ரோமோலார் டிபிபிஎச் இருந்தால், அதில் பாதியை அணைக்க 25 மைக்ரோமோலார் வைட்டமின் சி போதும். அதன் மூலக்கூறு எடை 176. ஆக மில்லிலிட்டருக்குச் சுமார் 4.4 மைக்ரோகிராம். நீங்கள் போட்டது 1000 மைக்ரோகிராம். அந்த அளவில் ஃபீனால் சேர்மங்கள் ஏதோ கொஞ்சம் இருக்கிற எந்த இலையும் 90-ஐத் தொட்டுவிடும்.

ஆகவே முதல் வேலை, ஏழெட்டுச் செறிவுகளில் திரும்பச் செய்து, பாதியை அணைக்கிற அளவான ஐசி50-ஐக் கண்டுபிடிப்பது. பக்கத்திலேயே வைட்டமின் சி-யையோ ட்ரோலாக்ஸையோ (நீரில் கரையும் வைட்டமின் ஈ வகை) ஓட்டுங்கள். மேலே சொன்ன 4.4-ஐ உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். 100 மைக்ரோமோலார் டிபிபிஎச்-சில் உங்கள் வைட்டமின் சி 40 காட்டினால், உங்கள் வைட்டமின் சி கெட்டுப்போயிருக்கிறது, அல்லது கரைசல் கணக்கு தவறு. 0.4 காட்டினாலும் கணக்குதான் தவறு. இன்னொன்று: சம அளவு ஊற்றிக் கலந்தால் 100 என்பது 50 ஆகிவிடும், ஐசி50-யும் பாதியாகி 2.2-க்கு வந்துவிடும். கட்டுரைகளில் ‘0.1 மில்லிமோலார்’ என்று எழுதியிருப்பது கலப்பதற்கு முன்பா பின்பா என்று பார்க்காமல் இரண்டு ஐசி50-களை ஒப்பிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

உங்கள் எக்ஸ்ட்ராக்டுக்கு நிறம் இருக்குமே, அதைக் கழித்தீர்களா? ஆந்தோசயனின்கள் 517-க்குப் பக்கத்தில்தான் உறிஞ்சுகின்றன. டிபிபிஎச் இல்லாமல் வெறும் எக்ஸ்ட்ராக்டும் மெத்தனாலும் மட்டும் வைத்த பிளாங்க் ஒவ்வொரு செறிவுக்கும் வேண்டும். நேரமும் முக்கியம். வைட்டமின் சி சில நொடிகளில் வேலையை முடித்துவிடும். பியூட்டிலேட்டட் ஹைட்ராக்ஸிடொலுவீன் என்ற செயற்கை ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாதிரி மெதுவான ஆள் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். 30 நிமிடத்தில் நிறுத்தினால் மெதுவானவர்கள் எல்லாம் சோம்பேறிகளாகத் தெரிவார்கள். கரோட்டினாய்டுகள் கதை இன்னும் மோசம். அவை டிபிபிஎச்-சோடு பெரிதாக வினைபுரிவதில்லை. ஆனால் யுவி-ஏ ஒளியில் தோலில் உருவாகும் சிங்கிளட் ஆக்ஸிஜனை (எளிதில் வினைபுரியும் ஆக்ஸிஜன் வடிவம்) அணைப்பதில் கெட்டிக்காரர்கள். டிபிபிஎச்-சை மட்டும் நம்பினால் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

அதனால் இரண்டாவதாக வேறு வகைச் சோதனை ஒன்று வேண்டும். எனக்குப் பிடித்தது ஏபிடிஎஸ், இன்னொரு நிறமுள்ள ராடிகலை வெளுக்கவைக்கும் சோதனை. 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ்-ஐ 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்ஃபேட்டோடு கலந்து 12 முதல் 16 மணி நேரம் இருட்டில் வைத்து, 734 நானோமீட்டரில் 0.70 வரும்வரை நீர்த்துப் பயன்படுத்துவது 1999-லிருந்து இருக்கும் முறை. நீரிலும் எத்தனாலிலும் வேலை செய்யும். 734-ல் பெரும்பாலான தாவர நிறங்கள் குறுக்கே வராது. ஃப்ராப் என்ற இன்னொரு சோதனை எளிது, மலிவு. ஆனால் பிஎச் 3.6-ல் இரும்பை ஒடுக்கும் திறனை மட்டுமே அது அளக்கிறது, குளூட்டாதியோன் போன்ற தயோல்கள் அதன் கண்ணிலேயே படாது. ஃபோலின் சோதனையை ‘மொத்த ஃபீனால்’ என்று சொல்கிறார்கள். உண்மையில் ஒடுக்கும் குணமுள்ள எல்லாமே அதில் நீலமாகும், வைட்டமின் சி உட்பட. ஓராக் என்ற இன்னோர் ஆன்டி-ஆக்ஸிடன்ட் அளவீட்டின் எண்களை அடுக்கி விற்பதெல்லாம் பழைய வியாபாரம். அமெரிக்க வேளாண் துறையே தன் ஓராக் பட்டியலை 2012-ல் எடுத்துவிட்டது, அந்த எண்களுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதற்காக.

சரி, இவ்வளவும் எக்ஸ்ட்ராக்டைத் தெரிந்துகொள்ள. அடுத்த சோதனையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள்: இந்த எக்ஸ்ட்ராக்ட் எதைக் காப்பாற்றப் போகிறது? ஜாடியில் இருக்கும் கிரீமையா, தோலையா? இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்றுக்கான சோதனையைச் செய்துவிட்டு மற்றதை உரிமை கொண்டாடுவதுதான் இந்தத் துறையில் நடக்கிற பெரிய குழப்பம் என்று நினைக்கிறேன்.

ஜாடியிலிருந்து தொடங்குவோம். கிரீமில் லினோலிக் அமிலம் நிறைந்த தாவர எண்ணெய் இருந்தால் அது காற்றுப் பட்டுக் காறல் வாடை அடிக்கும். அதைத் தள்ளிப்போடுவது உண்மையான, அளக்கக்கூடிய பயன். எக்ஸ்ட்ராக்ட் போட்ட கிரீம், போடாத கிரீம், டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) போட்ட கிரீம் மூன்றையும் 40 டிகிரியில் வைத்து, வாரா வாரம் பெராக்ஸைடு எண் (எண்ணெய் எவ்வளவு ஆக்ஸிஜனேறியிருக்கிறது என்பதன் அளவு) பார்க்க வேண்டியதுதான். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. வெறும் எண்ணெயில் நீர்நாட்டமுள்ள ஆன்டி-ஆக்ஸிடன்ட்கள் நன்றாக வேலை செய்யும்; அதே எண்ணெயைப் பால்மமாக்கினால் எண்ணெய்நாட்டமுள்ளவை முன்னுக்கு வரும். எண்ணெய்த் துளியின் ஓரத்தில்தான் ஆக்ஸிஜனேற்றம் தொடங்குகிறது. நீரில் கரைந்து எங்கோ மிதப்பவருக்கு அங்கே என்ன வேலை? விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனால் பொதுவாக இது பொருந்தும். ஆக, எண்ணெயை மட்டும் 110 டிகிரியில் ரான்சிமேட்டில் (எண்ணெயைச் சூடாக்கிக் காற்றுச் செலுத்திச் சோதிக்கும் கருவி) சோதித்துவிட்டு ‘கிரீமைக் காக்கும்’ என்று சொல்ல முடியாது. டிபிபிஎச்-சில் பிரமாதமாக இருந்த கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் கிரீமில் சாதாரணமாக இருப்பதையும், கார்னோசிக் அமிலம் உள்ள ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட் அமைதியாக ஜெயிப்பதையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

தோலைக் காப்பது என்றால் கணக்கு அளவிலிருந்து தொடங்குகிறது. கிரீமில் 0.5 சதவீதம் எக்ஸ்ட்ராக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீன் சோதனையில் பூசும் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். நிஜத்தில் யாரும் அவ்வளவு பூசுவதில்லை, இருந்தாலும் அதையே எடுப்போம். அதில் எக்ஸ்ட்ராக்ட் 10 மைக்ரோகிராம். எக்ஸ்ட்ராக்டில் ஐந்தில் ஒரு பங்கு பாலிஃபீனால் என்றால் 2 மைக்ரோகிராம். இதில் தோலின் மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே போவது இன்னும் சின்னப் பின்னம். நீங்கள் வாங்குவது திரவ எக்ஸ்ட்ராக்ட் என்றால் நிலைமை இன்னும் மெலிவு. ‘2 சதவீதம் எக்ஸ்ட்ராக்ட்’ என்று லேபிளில் இருக்கும். அந்தத் திரவத்தில் 1 சதவீதம்தான் திடப்பொருள், மீதி கிளிசரினும் நீரும் என்றால், கிரீமில் இலை இருப்பது 0.02 சதவீதம். திடப்பொருள் எவ்வளவு, அடையாளச் சேர்மம் (எக்ஸ்ட்ராக்டை இனங்காண அளக்கும் பொருள்) எது, அது எத்தனை சதவீதம் என்று எச்பிஎல்சி (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் முறை) ரிப்போர்ட்டோடு கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். ஒரே செடி பருவத்துக்குப் பருவம், உலர்த்தும் சூட்டுக்கேற்ப மாறும். அடையாளச் சேர்மம் இல்லாமல் போன பேட்சும் இந்த பேட்சும் ஒன்றா என்று சொல்லவே வழியில்லை.

உள்ளே போகுமா என்பதற்கு ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு: மூலக்கூறு எடை 500 டால்ட்டனுக்கு மேல் போனால் ஆரோக்கியமான தோல் வழியாக நுழைவது கடினம். குவெர்செட்டின் 302, தப்பிக்கலாம். கிரீன் டீயின் இஜிசிஜி 458, விளிம்பில் நிற்கிறது. ரூட்டின் 610. டேனின்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சந்தேகமிருந்தால் ஃப்ரான்ஸ் செல்லில் (தோலைத் தாண்டி எவ்வளவு போகிறது என்று பார்க்கும் கண்ணாடிக் கருவி) பன்றிக் காதுத் தோலை வைத்து 24 மணி நேரம் பாருங்கள். அங்கேயும் கீழே சேரும் திரவத்தை டிபிபிஎச்-சில் போட்டுப் பார்க்காதீர்கள். தோலிலிருந்தே கசிகிற பொருட்கள் அதை வெளுக்கும். அடையாளச் சேர்மத்தை எச்பிஎல்சி-யில் தேடுங்கள்.

உள்ளே போகவில்லை என்றால் வீண் என்று அர்த்தமில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. மனிதத் தோல் சுரக்கும் கொழுப்பில் சுமார் 12 சதவீதம் ஸ்குவாலீன். வெயிலில் முதலில் அடிவாங்குவது அதுதான். ஸ்குவாலீன் பெராக்ஸைடாக மாறும். இது நடப்பது தோலின் மேற்பரப்பில், எனவே பெரிய மூலக்கூறும் அங்கேயே உட்கார்ந்து உதவலாம். தன்னார்வலர்களின் தோலில் ஒரு பகுதியில் உங்கள் கிரீம், இன்னொரு பகுதியில் எக்ஸ்ட்ராக்ட் இல்லாத அதே கிரீம், அளவான யுவி-ஏ, பிறகு மேற்பரப்புக் கொழுப்பைத் துடைத்தெடுத்து ஸ்குவாலீன் பெராக்ஸைடை அளப்பது. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தோல் மருத்துவரின் மேற்பார்வையும் வேண்டும், செலவும் ஆகும். ஆனால் பாலிஃபீனால் கிரீம் ஒன்றுக்கு நான் ஒரே ஒரு சோதனைதான் செய்யலாம் என்றால் இதைத்தான் செய்வேன்.

இடையில் செல் சோதனைகள் இருக்கின்றன. ஹாகாட் என்ற வகைக் கெரட்டினோசைட்டுகளை (தோலின் மேல் அடுக்குச் செல்கள்) வளர்த்து, எக்ஸ்ட்ராக்ட் கொடுத்து, யுவி காட்டி, ஆக்ஸிஜனேறினால் ஒளிரும் டிசிஎஃப்எச்-டிஏ என்ற சாயத்தின் ஒளிர்வை அளப்பது வழக்கம். நல்ல சோதனைதான், ஆனால் ஏமாற்றுவதற்கு இதைவிடச் சுலபமானது இல்லை. எக்ஸ்ட்ராக்ட் கிணற்றில் (செல் வளர்க்கும் தட்டின் சின்னக் குழியில்) இருக்கும்போதே யுவி காட்டினால் அது குடையாக நின்று ஒளியைத் தடுத்திருக்கும். ஆன்டி-ஆக்ஸிடன்ட் வேலை எதையும் செய்திருக்காது. கழுவிவிட்டு, வெறும் பஃபரில் வைத்துக் காட்ட வேண்டும். நச்சுத்தன்மை பார்க்கப் போடும் எம்டிடி-யை (உயிருள்ள செல் ஊதாவாக்கும் சாயம்) பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் ஊதாவாக்கிவிடும். செத்த செல் உயிரோடு இருப்பதுபோல் தெரியும். செல்லில்லாத கிணறு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். இஜிசிஜி மாதிரியானவை வளர்ப்பு ஊடகத்திலேயே ஆக்ஸிஜனேறி ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும். அந்தச் சின்ன அதிர்ச்சிக்குச் செல் தன் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்ளும், நீங்கள் எக்ஸ்ட்ராக்ட் காப்பாற்றியது என்று எழுதிக்கொள்வீர்கள். அப்புறம் அளவு: செல்லுக்கு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் கொடுத்துக் கிடைத்த முடிவை, மேலே நாம் போட்ட 2 மைக்ரோகிராம் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

இனி கிரீமுக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலான எக்ஸ்ட்ராக்ட்கள் தோற்பது இங்கேதான். நான் ஒருமுறை வெளிர் கிரீம் நிறத்தில் அழகான லோஷன் ஒன்று செய்தேன். 40 டிகிரி அறையில் ஆறாவது வாரம் மூடியைத் திறந்தால் மேற்பரப்பு பழுப்பு, நடுவில் மட்டும் பழைய நிறம். கரண்டியால் கீறினால் உள்ளே ஒரு வளையம் தெரிந்தது, காற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்குக் கோடு போட்டதுபோல. பிஎச் 6.8-ல் விட்டிருந்தேன். பாலிஃபீனால்கள் காரத்தன்மை கூடக்கூட வேகமாக ஆக்ஸிஜனேறும். பிஎச்-ஐ 5-க்குக் கொண்டுவந்து, இடிடிஏ சேர்த்து, காற்று புகாத பம்பில் அடைத்தபோது நிறம் நின்றது. இடிடிஏ எதற்கு என்றால் இரும்பையும் செம்பையும் பிடித்துக் கட்டிவைக்க. மூலப்பொருட்களில் ஒட்டிக்கொண்டுவரும் மிகச் சிறிய அளவே போதும். இரும்பு பாலிஃபீனாலோடு சேர்ந்தால் சாம்பல் நீலமாக்கும், அதைவிட மோசமாக, ஆன்டி-ஆக்ஸிடன்டையே எதிர்ப்பக்கம் திருப்பி ராடிகல்களை உண்டாக்க வைக்கும்.

அதே லோஷனில் இன்னொரு பாடமும் படித்தேன். எக்ஸ்ட்ராக்ட் இல்லாத அடிப்படை லோஷனைச் சும்மா டிபிபிஎச்-சில் போட்டுப் பார்த்தால் அதுவும் வெளுத்தது. எண்ணெயோடு வந்த டோகோஃபெரால்! எக்ஸ்ட்ராக்டின் கணக்கில் நான் எழுதியிருந்ததில் நல்ல பங்கு அதனுடையது. அன்றிலிருந்து எந்தச் சோதனையிலும் முதல் குவெட் அடிப்படைக் கிரீமுக்குத்தான். நாள் 0-வில் ஒரு முறை, 40 டிகிரியில் 1, 2, 3 மாதங்களில் ஒவ்வொரு முறை, குளிர்பதனத்தில் வைத்ததை ஒப்பீட்டுக்கு. செயல்திறன் எண்ணையும் அடையாளச் சேர்மத்தின் அளவையும் சேர்த்தே பாருங்கள். சில சமயம் சேர்மம் பாதி காணாமல் போயிருக்கும், டிபிபிஎச் எண் அப்படியே இருக்கும். சிதைந்த பொருட்களும் வெளுக்க வல்லவை.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாகச் சொல்வதால் சின்ன விஷயம் இல்லை. சில தாவரக் குடும்பங்களில் ஃபியூரோகூமரின்கள் இருக்கும். எலுமிச்சை வகைகள், செலரி வகைகள். தோலில் பட்டபின் வெயில் பட்டால் கொப்புளம் போடும். ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 432 எண் வழிகாட்டியான ஒளிநச்சுச் சோதனை அதற்குத்தான். எரிச்சலுக்கு, ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் மாதிரியில் ஓஇசிடி 439, ஒவ்வாமைக்கு 442 வரிசை. இவை போக நுண்ணுயிர், கன உலோகம், பூச்சிக்கொல்லி எச்சம், கரைப்பான் எச்சம். இலையிலிருந்து வந்தது என்பதற்காக இதில் எதையும் தள்ளுபடி செய்ய முடியாது.

கடைசியாக அந்த ‘10 மடங்கு’. இதை நம்ப வேண்டாம் என்பதற்குச் சப்ளையரை விசாரிக்கவே தேவையில்லை, கணக்கு போதும். வைட்டமின் சி ஒரு மூலக்கூறுக்கு 2 டிபிபிஎச், எடை 176. காலிக் அமிலம் டிபிபிஎச்-சில் மிக வலிமையானவற்றில் ஒன்று. மூலக்கூறுக்கு சுமார் 6, எடை 170. ஆக எடைக்கு எடை, முழுத் தூய்மையான காலிக் அமிலமே வைட்டமின் சி-யைவிட மூன்று மடங்கு. சர்க்கரையும் உப்பும் நாரும் கலந்த ஓர் எக்ஸ்ட்ராக்ட் எப்படி 10-க்குப் போகும்? முந்தின நாள் கரைத்து மேசையிலேயே விட்ட வைட்டமின் சி-யோடு ஒப்பிட்டிருப்பார்கள், அல்லது வேறொரு கட்டுரையின் ஐசி50-ஐ எடுத்துப் போட்டிருப்பார்கள். ‘உங்கள் எக்ஸ்ட்ராக்ட், அன்று காலையில் கரைத்த வைட்டமின் சி, இரண்டும் ஒரே பிளேட்டில், கலந்தபின் டிபிபிஎச் செறிவு எவ்வளவு என்ற குறிப்போடு மூலத் தரவு வேண்டும்’ என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் லேபிளில் அந்த வரியைப் போடும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 655/2013 விதி, ஒரு மூலப்பொருளின் குணத்தை, முழுப் பொருளுக்கு அது இல்லாதபோது, இருப்பதுபோல் காட்டக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. ஸ்குவாலீன் சோதனையில் அடிப்படைக் கிரீமைவிட உங்கள் கிரீம் தெளிவாக முந்தினால், ‘தோலின் மேற்பரப்புக் கொழுப்பை யுவி-ஏ ஆக்ஸிஜனேற்றத்திலிருந்து காக்க உதவுகிறது’ என்று எழுதலாம். நீளமாக இருக்கிறது, விளம்பரக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் யார் கேட்டாலும் எடுத்துக்காட்ட உங்கள் கையில் தரவு இருக்கும்.